ரிவெட் அடிக்கிற கை

"பாய், முப்பது வருஷத்துக்கு முன்னால உங்க கம்ப்யூட்டர்ல நான் வச்ச ஜன்னல், இன்னிக்கு உங்க பட்டறையில ஒருத்தர் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு!" என்றார் ஓய்வுபெற்ற புரோகிராமர் நம்பிராஜன், அடுத்த பேட்டையான மாஹிம் வரைக்கும் கேட்கும் குரலில்.

"போம்வே! ஜன்னலுக்குக் கை முளைச்சிருக்கோ?" என்றார் சுத்தியலும் கையுமாக நின்ற ரஹ்மத்துல்லா. தாராவியில் தோல் பை பட்டறை அவருக்கு. பழைய கம்ப்யூட்டரின் கறுப்புத் திரை நடுவே ஒரு கட்டம் முளைத்திருந்தது. 'சாய் பீக்கே ஆவோ' என்றது அது. டீ குடித்துவிட்டு வரச் சொல்கிறதாம்! அந்த இடத்தில் இருந்த பை அளவுகளைக் காணோம்.

"அம்புட்டு அளவும் போச்சு. புதுக் கம்ப்யூட்டர் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கா பாரும், இவதான் அழிச்சுட்டா."

"நான் தொடவே இல்ல வாப்பா!" மகள் பரீஹாவுக்குக் கண் கலங்கியது.

நம்பிராஜன் ஒரு பட்டனை மெல்லத் தொட்டார். கட்டம் மறைந்தது. அளவுகள் ஓர் எழுத்துக் குறையாமல் திரும்பி வந்தன. பரீஹாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அழிக்கவான்னு கேட்டுட்டு என் புரோகிராம் ஒரு நொடி காத்திருக்கும். என்டரை ஒரு தடவை தட்டினா அழிச்சுடும். அந்த நொடிக்குள்ள மூணு தடவை தட்டினா அழிக்காது, இந்த ஜன்னலைத் திறக்கும்."

"அதென்னவே மூணு?"

"தோல்ல ரிவெட் ஆணிக்கு மூணு அடி அடிச்சுப் பழகின கை, என்டரையும் அப்படித்தானே பாய் அடிக்கும்?"

ரஹ்மத்துல்லா சுத்தியலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஒரே ஒரு பழைய ஆர்டரைத்தான் அழிக்கப் பாத்தேன்... ஆமா புள்ள, நாந்தான். கையைப் பிடிச்சுத்தான் நிறுத்திருக்கு."