முதலில் உறைந்த கொழுப்பு

ஐதர்பெக் கை நிறைய உப்பை அள்ளி, அடுப்பிலிருந்த இரண்டு தண்ணீர்ச் சட்டிகளில் ஒன்றில் கொட்டினான். “இந்தத் தடவை உங்களை விட்டுட்டுப் போறதா இல்லப்பா” என்று நாலு பேர் கேட்கச் சொன்னான். அக்கம்பக்கத்தார் கண் கலங்கிவிட்டார்கள்.

அப்பா தாஜிபாய்க் கிழவர் மீசையைத் தடவிக்கொண்டார். கடல் ஓடிப்போய் மணலில் படகுகள் மட்டும் நிற்கும் அந்த ஊரை விட்டு வரமாட்டேன் என்று வருஷக்கணக்காய் வீம்பு பேசியவர். மனைவி போனதும் வீம்பும் போய்விட்டது. கோழிகளைக்கூடப் பக்கத்து வீட்டு ஒராக்கிடம் தள்ளிவிட்டார். ஆனால் கூட்டிக்கொண்டு போ என்று கேட்க மீசை இடங்கொடுக்கவில்லை.

அதனால் மகன் பந்தயம் என்றதும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது. அங்கே சாட்சி வைத்துக் கட்டிய பந்தயத்தை மீறியவனுக்குச் சாவு வீட்டில்கூட டீ கிடைக்காது.

“உப்புத் தண்ணிதான் ரொம்ப நேரம் சூடு தாங்கும். நான் சொன்னது சரின்னா நீங்க வண்டியில ஏறணும். தப்புன்னா இனிமே கூப்பிடவே மாட்டேன்.”

நகரத்துப் பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறவன் சொன்னால் தப்பாகுமா? தோற்றுவிடலாம் என்ற நிம்மதியில் கிழவர் எதிர்ப்பக்கம் நின்றார். “போடா, உப்புதான் முதல்ல ஆறும்.”

இரண்டு சட்டிகளும் கொதித்ததும், சட்டிக்கொரு துண்டு ஆட்டுவால் கொழுப்பை உருகவிட்டு வாசலில் வைத்தார்கள். கொழுப்பு எதில் முதலில் வெள்ளையாய்க் கட்டுகிறதோ, அது ஆறியதாகக் கணக்கு. அன்றைய காற்றில் இங்கே நாய் குரைத்தால் அடுத்த ஊர்க்காரன் தன் நாயை அதட்டுவான்.

உப்புச் சட்டியில்தான் முதலில் கட்டியது.

கிழவரை ஒராக் தூக்காத குறை. படித்தவனையே மண்ணைக் கவ்வ வைத்துவிட்டார் என்று எல்லோரும் சிரித்தார்கள். கிழவரும் சிரித்துத் தொலைக்க வேண்டியதாயிற்று. மகன் தலையைத் தொங்கப்போட்டபடி, வாக்கு வாக்குதான் என்று சொல்லி வண்டியில் ஏறினான்.

மாமனாருக்காகப் பின்சீட்டில் போர்வை விரித்து வைத்திருந்த மருமகள் குல்பாராவுக்குத்தான் ஆறவில்லை. கிழவர் ஜன்னலோரம் நிற்பதையும் பாராமல் புருஷனைக் கடிந்துகொண்டாள்:

“உப்புத் தண்ணி சீக்கிரம் ஆறிடும்னு நம்ம பையனுக்கு நீங்கதானேங்க சொல்லிக் குடுத்தீங்க?”