குதிரைக்கு இன்னும் சரியாகலை

தம்பி வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கிய அக்காவுக்கு, எதிரே பார்த்த காட்சியில் பற்றிக்கொண்டு வந்தது.

முட்டியில் ஆபரேஷன் ஆன தம்பி, ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் குதிரைக் கயிறு என்று மூச்சு வாங்க மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். பின்னால் அவன் பெண்டாட்டி வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தாள். அதோடு விட்டாளா? "நிக்காதீங்க, நடங்க, நடங்க!" என்று அதிகாரம் வேறு.

பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு அக்கா மேட்டுக்கு விரைந்தாள்.

"ஏம்மா, இது உனக்கே நல்லா இருக்கா? படுத்து ஓய்வெடுக்க வேண்டிய மனுஷனை இந்தப் பாடு படுத்தறியே!"

"வாங்க அண்ணி. துரைக்குப் பின்னங்கால் ரெண்டும் வீக். நடக்கும்போதே மூட்டு மாட்டிக்குது. தினமும் மேடு ஏறினாத்தான் சதை வலுவாகும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

துரை என்பது குதிரை. இளவட்டம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் தோரணைக்காக வந்த பேர்.

"கால் வீக்கான குதிரையைக் கால் வீக்கான மனுஷன்தான் இழுத்துட்டுப் போகணுமா? நீ பிடிச்சா கயிறு கையைக் கடிக்குமா?"

"அவர் பிடிச்சாத்தான் அண்ணி அது நடக்குது."

தம்பி அசடு வழிந்தான். "விடுக்கா. நான் பழக்கின பய, என் பேச்சைத்தான் கேக்கறான்."

மேட்டு உச்சியில் தரையோடு தரையாகக் கட்டைகள் போட்டிருந்தார்கள். குதிரை ஒவ்வொன்றாகக் காலைத் தூக்கி வைத்துத் தாண்டியது. பக்கத்திலேயே தம்பியும் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினான். அப்புறம் அதன் நெஞ்சில் கை வைத்து மெல்லப் பின்னுக்கு நடத்தினான். பின்னங்காலுக்கு அதுவும் நல்லதாம்.

அக்காவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

போன தடவை வந்தபோது கட்டிலே கதி என்று கிடந்தான். இதற்கு அதுவே தேவலை. இவள் மட்டும் என்ன, மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதிலிருந்து ஜன்னலோரமே உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தவள்தானே. அதிகாரம் பண்ண மட்டும் எங்கிருந்து தெம்பு வந்ததோ!

பேசாமல் தம்பியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, தம்பியின் லாயத்தில் இருந்த சினைக் குதிரையைப் பார்க்கக் குதிரை டாக்டர் வந்து சேர்ந்தார். அக்கா அவரை வாசலிலேயே வளைத்துப் பிடித்தாள்.

"டாக்டர், அந்தத் துரைக்கு எப்பத்தான் கால் சரியாகும்? இல்லைன்னா வேற ஆளை வெச்சு நடத்தச் சொல்லுங்க. என் தம்பி உயிரை வாங்காதீங்க."

டாக்டர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"அதுக்குச் சரியாகி ரொம்ப நாளாச்சும்மா. இப்ப பந்தயமே ஓடும்."

"என்னது! அப்ப அவ சொல்றது பச்சைப் பொய்யா?"

"அவங்கதான் என்கிட்ட வந்து கெஞ்சினாங்க. 'ஆபரேஷன் பண்ண டாக்டர் இவரையும் மேடு ஏறச் சொல்லியிருக்கார். நடக்கலைன்னா முட்டி அப்படியே விறைச்சுப் போயிடுமாம். தனக்காகன்னா கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கறார். குதிரைக்காகன்னா எழுந்து வர்றார். சரியாயிடுச்சுன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க'ன்னு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோமே என்றிருந்தது.

"பாவம், என் தம்பி ஒரு அப்பாவி. அப்படியே நம்பிட்டான்!"

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பாவியா? குதிரையோடவே வாழ்ந்தவர், அவருக்குத் தெரியாதா? மறுநாளே அவரும் வந்து நின்னார். 'டாக்டர், துரைக்குச் சரியாயிடுச்சுன்னு என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க. பொண்ணு போனதிலிருந்து ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா. நானும் குதிரையும் எங்கயாவது விழுந்து தொலைப்போமோங்கற பயத்துலதான் இப்ப வெளியிலயே வர்றா. வெயில்ல நடந்து, என்னைத் திட்டி, ரெண்டு வாய் சோறும் திங்கறா'ன்னார்."

"அப்ப ரெண்டு பேருக்குமே தெரியும்!"

"தெரியும். மத்தவருக்கும் தெரியும்ங்கறதுதான் ரெண்டு பேருக்கும் தெரியாது. நடுவுல நான் மாட்டிக்கிட்டு, வரும்போதெல்லாம் 'இன்னும் கொஞ்ச நாள் ஆகும்'னு சொல்லிட்டுப் போறேன்."

அக்காவுக்குக் கண்ணும் கலங்கியது, சிரிப்பும் வந்தது. தம்பி கொடுத்துவைத்தவன் என்று நினைத்துக்கொண்டாள். அவன் பெண்டாட்டியும்தான்.

அதற்குள் குதிரையை வேலிக்குள் அவிழ்த்துவிட்டு இருவரும் இறங்கி வந்தார்கள். டாக்டரோடு அக்காவைப் பார்த்ததும் இரண்டு முகத்திலும் ஒரே கலவரம்.

"டாக்டர் என்னக்கா சொல்றார்?" என்றான் தம்பி.

"சரியாயிடுச்சுன்னாரா அண்ணி?" என்றாள் அவள்.

அக்கா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள்.

"எங்க சரியாச்சு? பின்னங்கால்ல இன்னும் தெம்பே வரலையாம். ரொம்ப நாளைக்கு நடக்கணுமாம். நாளையிலிருந்து நானும் வர்றேன். எனக்கும் உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போச்சு."

இரண்டு முகமும் ஒன்றாக மலர்ந்தன.

அப்போது பார்த்துத் துரை வேலிக்குள் குஷியாக ஒரு சுற்றுச் சுற்றியது. பின்னங்கால் இரண்டையும் உந்தி எழும்பி, வேலியை ஒரே தாவாகத் தாவி வெளியே வந்து நின்றது.

"மழை வரும்போல இருக்கே" என்றாள் அக்கா, மேகமே இல்லாத வானத்தை அவசரமாக நிமிர்ந்து பார்த்து.

"ஆமாமா" என்று மற்ற மூவரும் வானத்தைப் பார்த்தார்கள்.