காயாத ரெசின்

“இன்னிக்கும் காயலை!”

படகின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவருக்கு எரிச்சல் தாங்கவில்லை. விரலில், ஓட்டையை அடைக்கப் பூசிய ரெசின் பிசுபிசுவென்று ஒட்டியது. வீட்டுக்குப் பின்னால் உள்ளே தங்க அறையுள்ள பழைய ஃபைபர் பாய்மரப் படகொன்றைக் கவிழ்த்துப் போட்டு, ஒன்றரை வருடமாகச் சீர்செய்கிறார். அவர் உப்புத்தாளால் தேய்த்துக் கொடுக்க, மனைவி ரெசின் கலந்து பூசுவாள். மற்ற எல்லா ஓட்டைகளும் அடைபட்டு, இந்த ஒன்று மட்டும்தான் பாக்கி.

“மழை ஈரம்ங்க. ரெண்டு நாள் பொறுங்க” என்றாள் மனைவி.

“ஈரமாவது, மண்ணாவது! கடைக்காரன் என் தலையில மிளகாய் அரைச்சுட்டான்.”

ரெசின் டப்பாவோடு கடைக்குக் கிளம்பிப் போனார்.

கடைக்காரர் அந்த ரெசினைக் கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றி, தன்னிடமிருந்த ஹார்டனரில் சில சொட்டு கலந்தார். அரை மணி நேரத்தில் கல்லாக இறுகிவிட்டது.

“சரக்குல குறையில்ல சார். ஹார்டனர் ஊத்தலைன்னா வருஷமானாலும் காயாது. யார் கலக்குறாங்க?”

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பினார். வீட்டில், புதிதாக வாங்கிய ஹார்டனர் பாட்டில் சீல்கூட உடையாமல் இருந்தது.

“வேணும்னேதான் ஊத்தலையா? இவ்வளவு நாள் கூடவே உழைச்சுட்டு, இப்ப ஏன்?”

அவள் நிமிரவில்லை.

“விவாகரத்து மனுவுல கையெழுத்துப் போட்டப்ப, படகு ரெடியானதும் அதுலயே போய்க் குடியேறிடறேன், அதுவரைக்கும் இங்கயே இருந்துக்கறேன்னு சொன்னீங்க. இது கடைசி ஓட்டை. எனக்குக் கை வரலைங்க.”

அவர் ரெசின் டப்பாவைத் திறந்தார். பிறகு பாட்டிலின் சீலை உடைத்தார்.

“நகரு. இனிமே நானே கலந்துக்கறேன்.”