கிழக்கு வரப்பு

"பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேணாமாக்கா?" என்றான் தேசப்பன்.

கே.ஜி.கண்டிகையில் தாயாரம்மாளின் கடலைக் கொல்லையும் அவன் கொல்லையும் ஒட்டினாற்போல இருந்தன. நடுவே அவளுடைய கிழக்கு வரப்பு. அதில் வரிசையாகப் புங்க மரங்கள்.

உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. மரத்துக்குக் கேட்ட விலை கொடுக்கக் கரி வியாபாரி துளசிங்கம் தயார். அவனைத் திருத்தணியிலிருந்து கூட்டிவந்ததே தேசப்பன்தான்.

"சாயங்காலமானா உன் மரத்து நெழலு என் கடலை மேல விழுது. வேரும் சத்த உறிஞ்சிகினு கீது. வித்துட்டா உனக்கும் காசு, எனக்கும் நிம்மதி."

தாயாரம்மாள் யோசித்தாள்.

"ஒண்ணை மட்டும் வெட்டிக்க. அடுத்த ஆடியில வந்து கேளு, மீதியையும் தர்றேன்."

விலை ஏறட்டும் என்று பார்க்கிறாள், பேராசைக்காரி என்று நினைத்துக்கொண்டான் தேசப்பன்.

அடுத்த ஆடியில் மழை இல்லை. மேல்காற்று மட்டும் அனலாக வீசியது. ஊரில் எல்லார் கடலையும் கருகிவிட்டது. தேசப்பன் கொல்லை மட்டும் பச்சை. முருகன் கண் திறந்துவிட்டான் என்று திருத்தணி மலையைப் பார்த்துக் கும்பிட்டான்.

ஒருநாள் ஆட்டைத் தேடிக்கொண்டு தாயாரம்மாள் கொல்லைக்கு மேற்கே இருந்த பாறைச் சரிவில் ஏறியவன், திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

அவனுடைய பச்சைக்கு நடுவில், வெட்டிய மரத்துக்கு நேர் எதிரே, வண்டித் தடம் போல ஒரு பட்டை. அதிலிருந்த செடிகள் மட்டும் தீய்ந்து கிடந்தன. மற்ற மரங்கள் காற்றை மார்பில் வாங்கிக்கொண்டு ஆடின. அவற்றின் மறைவில் கடலைச் செடிகள் குளுகுளுவென்று நின்றன.



கீழே இறங்கினான். தாயாரம்மாள் தன் கொல்லையில் கருகிய செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடத் தேறவில்லை. மேற்கே பாறை, மரம் வைக்க மண் இல்லை.

"இன்னா தேசப்பா, மீதியையும் வெட்டிக்கிறியா?"

"வேணாங்கா." "காத்து மேற்காலருந்து வருது. மரம் உன் கெழக்கு வரப்புல கீது. காக்கறதெல்லாம் என் கொல்லையத்தான். உனக்கு ஒரு லாபமும் இல்லியே, ஏன் விக்காம வச்சிகினு இருந்த?"

தாயாரம்மாள் கை மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"ஊரே தீய்ஞ்சி போற வருசத்துல ஒரு கொல்லையாவது நின்னாத்தான நாலு பேருக்குக் கூலி கெடைக்கும்? கடலை பிடுங்கறன்னிக்குச் சொல்லியனுப்பு தேசப்பா. நானும் கூலிக்கு வர்றேன்."