இருபத்தோராவது படம்

“அப்பா, படத்துல வருசாவருசம் பறவை ஏன் குறையுது?” சிறுமியாக இருந்தபோது ரன்வா கேட்டாள். “அதுதாம்மா கலை” என்று சிரித்தார் ஃபரோ தீவு ஓவியர் யோக்வன்.

இன்று கண்காட்சி. செங்குத்தான ஒரே கடற்பாறையின், வருடத்துக்கு ஒன்றாக வரைந்த இருபது படங்கள். கடைசிப் படத்தில் ஒற்றைக் கடற்பறவை.

“வெறுமையைக்கூட என்னமா வரைஞ்சிருக்கீங்க” என்றாள் பக்கத்து வீட்டு ஹன்னா. “வண்ணம் எப்படி இப்படி மின்னுது?”

“முட்டை மஞ்சக்கருவுல குழைப்பேன்.”

“கோழி முட்டையா?”

“சே, இந்தப் பறவையோட முட்டைதான். படத்துக்கு உயிர் வரணுமில்ல?”

வளர்ந்துவிட்ட ரன்வா மெல்லச் சொன்னாள்: “அது வருசத்துக்கு ஒண்ணுதானேப்பா இடும்.”

யோக்வனின் கை கோட்டுப் பைக்குள் போனது. அடுத்த படத்துக்காகக் காலையில் எடுத்த முட்டை அங்கே இருந்தது.

யாரிடமும் சொல்லாமல் பாறைக்குப் போனார். கயிற்றில் இறங்கி, எடுத்த இடத்திலேயே முட்டையை வைத்தார். அது ஆறிப்போயிருந்தது.

அவர் மேலேறியதும் பறவை வந்து அதன்மேல் அமர்ந்தது.