வளை நிறையக் கரும்பு

யானைக்குக் காதில் ஓயாத அரிப்பு. சொறிந்துவிட ஓர் எலியை வேலைக்கு வைத்தது. சம்பளம், மாதம் பிறந்தால் ஒரு கட்டுக் கரும்பு. எலி வம்சத்திலேயே இப்படி ஒரு சம்பளத்தை யாரும் கண்டதில்லை.

"தின்னு தீர்த்துடுவோம் மாப்ளே! ஊரையே கூப்பிடு!" என்று குதித்தது பக்கத்து மரத்துச் சிநேகிதன் அணில்.

"அது கெடக்கு. சேத்து வைங்க" என்றது பெண்டாட்டி எலி.

எலிக்குத் தலை சுற்றியது. அணிலோடா குடித்தனம் நடத்த முடியும்? சேர்த்தது. மூன்றாம் மாதம் கரும்பு வளைக்குள்ளே, குடும்பம் வெளியே.

அன்று பார்த்து மேலே பருந்து வட்டமிட்டது. ஒளிய இடமில்லை.

"கடிச்சு வழி பண்ணுங்க!" என்று அலறியது எலி.

"இதத்தானேடா அன்னைக்கே சொன்னேன்!" என்று அணிலும் பாய்ந்து வந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து தின்றார்கள். மீசையெல்லாம் சாறு. குட்டிகள் சக்கையைத் தலையில் சுற்றிக்கொண்டு ஆடின. பருந்து இறங்கியபோது கடைசி வாலும் உள்ளே போயிருந்தது. கரும்பில் ஒரு கணு மிச்சமில்லை.

மறுநாள் வாசலில் யானையின் குரல். "சம்பளம் வந்திருக்கு. வெளிய வாடா, காது அரிக்குது."

எலி பாய்ந்தது. தலை வெளியே வந்தது, வயிறு வரவில்லை. யானை கரும்புக் கட்டை அதன் மூக்குக்கு நேரே இறக்கியது.

உள்ளே இருந்து முதுகைத் தள்ளியபடி பெண்டாட்டி எலி கேட்டது: "ஏங்க, இந்த மாசம் சேக்கிறதா, செலவழிக்கிறதா?"

எலி அதற்குள் கடிக்கத் தொடங்கியிருந்தது. வாய் நிறையக் கரும்பு.