இருப்பு இல்லை

மென்பொருளைச் சோதிப்பதற்காக ஜெசிந்தா கணினிக்குள் ஒரு பெட்ரோல் பங்க் அமைத்துக்கொண்டிருந்தாள். நான்கு பம்புகள், இரண்டு டேங்குகள். மூன்று வருடமாக மஸ்கட்டில் நிஜ பங்க் ஒன்றில் வேலை பார்க்கும் அவள் கணவன் ததேயு, மதிய இடைவேளையில் அழைத்தான்.

"உன் பங்க்ல பெட்ரோல் யாரு போடுறா?"

"ஆளே வேணாங்க. வண்டி தானா வரும், தானா ரொப்பிக்கிட்டுப் போயிடும்."

"அப்ப நான் ஊருக்கு வந்துடவா?" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேசி முடித்ததும் இரண்டு டேங்குகளின் அளவையும் பூஜ்யமாக்கினாள். பம்புகள் ஒவ்வொன்றாக நின்றன. வந்த வண்டிகள் திரும்பிப் போயின.

"என்ன ஜெசி, கோளாறா?" என்றாள் பக்கத்து இருக்கை திலகா.

"இல்லக்கா, பங்க்க மூடிட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."